பார்த்தவர் யாரும் எழுதி வைக்காத பறவை: ஹவாயின் மோவா-நாலோ

எலும்பு மட்டுமே கிடைத்திருக்கும் ஒரு பறவையைப் பற்றி, அது எதைத் தின்றது, எதற்கு உறவு, எப்போது மறைந்தது என்றெல்லாம் உறுதியாகப் பேச முடியுமா, அல்லது பாதிக்கு மேல் ஊகம்தானா என்பது கேள்வி. கேட்டவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்து அழிந்த மோவா-நாலோ என்ற பறக்காத பறவையை. ஓரிடத்தில் அதை வாத்து என்றும் வேறோரிடத்தில் கூஸ் (வாத்தைவிடப் பெரிய, கழுத்து நீண்ட அதன் உறவுப் பறவை) என்றும் படித்துக் குழம்பியதாகவும், மொரீஷியஸ் தீவில் அழிந்துபோன டோடோ என்ற பறவைக்கு இருப்பதுபோல இதற்கு ஏன் ஒரு பழைய ஓவியம்கூட இல்லை என்றும் அவர் கேட்டிருந்தார்.

ஓவியத்தில் தொடங்கினால் மற்றவை எளிதாகும். டோடோவை மாலுமிகள் கண்ணால் பார்த்தார்கள், நாட்குறிப்பில் எழுதினார்கள், வரையவும் செய்தார்கள். மோவா-நாலோவுக்கு அப்படி ஒரு சாட்சி வாய்க்கவில்லை. ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் ஹவாயை அடைந்தது 1778-இல். அதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் பறவை இல்லாமல் போய்விட்டது. அதை உயிரோடு கண்டவர்கள் தீவுகளில் முதலில் குடியேறிய பாலினேசியர்கள் மட்டுமே. அவர்கள் அதற்கு நிச்சயம் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், ஆனால் அது நம் வரைக்கும் வந்து சேரவில்லை. இப்போது நாம் சொல்லும் பெயர் 1991-இல் ஸ்டோர்ஸ் ஓல்சன், ஹெலன் ஜேம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஹவாய் மொழிச் சொற்களைச் சேர்த்து உருவாக்கியது. ‘மோவா’ என்றால் கோழி, ‘நாலோ’ என்றால் மறைந்துபோனது. நியூசிலாந்தில் வாழ்ந்த பெரிய மோவாப் பறவைக்கும் இதற்கும் குடும்ப உறவு எதுவும் கிடையாது. கோழியைக் குறிக்கும் பழைய பாலினேசியச் சொல்லை நியூசிலாந்தில் குடியேறியவர்கள் அங்கே கண்ட பிரம்மாண்டமான பறவைக்குச் சூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வாத்தா, கூஸா என்ற குழப்பத்தில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழில் இரண்டையும் பெரும்பாலும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம்; இமயத்தைத் தாண்டி வலசை வரும் வரித்தலை வாத்து அறிவியல் வகைப்பாட்டின்படி ஒரு கூஸ்தான். ஆனால் மோவா-நாலோவைப் பொறுத்தவரை குழப்பம் ஆய்வாளர்களிடமே இருந்தது, அது தீரக் கால் நூற்றாண்டு பிடித்தது. அது எப்படித் தீர்ந்தது என்பதுதான் கேள்விக்கான விடையின் மையம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எலும்புகளின் தன்மை. மோவா-நாலோவின் எலும்புகள் டைனோசர் எலும்புகளைப்போலக் கல்லாகிவிட்டவை அல்ல. அவை சில ஆயிரம் ஆண்டுகள் அல்லது அதற்கும் குறைந்த வயதுடையவை. பல எலும்புகளில் புரதம் இன்னும் மிச்சமிருக்கிறது. இப்படி முழுதாகக் கல்லாக மாறாமல் கிடைப்பவற்றை அரைப்புதைபடிவம் என்று சொல்லலாம். கல்லான எலும்பு வடிவத்தை மட்டும் தருகிறது; புரதம் எஞ்சிய எலும்போ, கார்பன் முறையில் வயதையும், நல்வாய்ப்பு இருந்தால் மரபணுவையும் சேர்த்தே தருகிறது. அதனால் ஆய்வாளருக்கு இந்த ‘அரை’ நிலை ஒரு குறையே அல்ல, பல வகையில் முழுப் புதைபடிவத்தைவிடப் பயன் மிக்கது.

ஆனால் இந்த எலும்புகள் எல்லா இடத்திலும் தப்பிப்பதில்லை. எரிமலைப் பாறை மட்கி உண்டான, மழை ஊறிய காட்டு மண்ணில் அமிலத்தன்மை அதிகம். அதில் விழுந்த எலும்பு கரைந்துவிடும். ஹவாயில் எலும்பு பிழைத்தது பெரும்பாலும் மூன்று வகை இடங்களில். சிப்பியும் பவளமும் நொறுங்கிச் சுண்ணாம்புச் சத்து நிறைந்த கடற்கரை மணல்மேடுகள் ஒன்று. மொலோகாய்த் தீவின் வடமேற்குக் கரையில் உள்ள மோஒமோமி அப்படிப்பட்ட இடம். ஓவாஹு தீவின் எவா சமவெளியில் கடலுக்கு மேலே எழும்பி நிற்கும் பழைய பவளப் பாறையில் மழைநீர் அரித்த குழிகள் இன்னொன்று. மூன்றாவது, லாவாக் குகைகள். உருகிய பாறைக் குழம்பு ஓடும்போது மேற்பரப்பு முதலில் ஆறி இறுகிவிடுகிறது, உள்ளே இருப்பது தொடர்ந்து ஓடி வடிந்துவிடுகிறது, மிஞ்சுவது நீண்ட குழாய்போன்ற ஒரு குகை. அதன் கூரை எங்காவது இடிந்து விழுந்தால் காட்டுத் தரையில் ஒரு பள்ளம் திறக்கும். பறக்கத் தெரிந்த பறவைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பறக்க முடியாதது தவறி உள்ளே விழுந்தால் மேலே வர வழியில்லை. குகையின் தரையில் அலைந்து, பட்டினியில் சாகும். மாவித் தீவின் ஹாலேஆகாலா மலைச்சரிவில் உள்ள இத்தகைய குகைகளில்தான் இந்தப் பறவைகளின் நல்ல நிலையிலான எலும்புக்கூடுகள் கிடைத்தன. இயற்கை வைத்த பொறியில் அகப்பட்டவை அவை.

கண்டுபிடிப்பின் கதை 1926-இல் தொடங்குகிறது. ஹவாய் என்ற பெயரையே தாங்கிய பெரிய தீவில், தண்ணீருக்காகச் சுரங்கம் வெட்டும்போது, உறைந்த எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு வெகு கீழே சில பறவை எலும்புத் துண்டுகள் கிடைத்தன. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் வெட்மோர் 1943-இல் அவற்றை அழிந்துபோன ஒரு கூஸ் இனம் என்று விவரித்தார். அது மோவா-நாலோ அல்ல என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் தீவுகளுக்கு அடியில் யாரும் அறியாத பறவைகள் இருக்கின்றன என்று சொன்ன முதல் சான்று அது. பிறகு முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய எதுவும் நடக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் மொலோகாயில் வசித்த ஜோன் ஐடம் என்ற பெண்மணி மோஒமோமி மணல்மேட்டில் காற்று அரித்து வெளிப்படுத்தியிருந்த ஓர் எலும்புக்கூட்டைக் கவனித்தார். அவர் தொழில்முறை ஆய்வாளர் அல்லர். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்த புயலில் அது சிதறியிருக்கக்கூடும். அந்த எலும்புகளை விவரித்து 1976-இல் வெளியான கட்டுரையை எழுதியவர்கள் இருவர்: ஒருவர் இளைஞரான ஓல்சன், மற்றவர் தொண்ணூறு வயதை எட்டியிருந்த அதே வெட்மோர். அவர்கள் வைத்த பெயர் தம்பெட்டோகென். அதில் வரும் ‘கென்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கூஸ் என்று பொருள்; வியப்பூட்டும் கூஸ் என்பது பெயரின் கருத்து. கூஸ் என்ற பட்டம் அன்று ஒட்டிக்கொண்டதுதான், இன்றுவரை பல இடங்களில் உரியாமல் இருக்கிறது.

அதன் பிறகு ஓல்சனும் ஜேம்ஸும் தீவு தீவாகத் தேடினார்கள். 1991-இல் அவர்கள் ஹவாயிலிருந்து அழிந்துபோன 32 பறவை இனங்களை ஒரே மூச்சில் விவரித்தபோது மோவா-நாலோ மொத்தம் நான்கு இனம் என்றாயிற்று. கவுவாய்த் தீவில் கெலிகெலினெகென்; பெயரின் பொருள் ஆமைத்தாடை கூஸ். ஓவாஹுவில் ஒரு தம்பெட்டோகென். மொலோகாயிலும் மாவியிலும் இன்னொரு தம்பெட்டோகென். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் அந்தத் தீவுகள் ஒரே நிலமாக இணைந்திருந்தன என்பதால் ஒரே இனம் இரண்டிலும் இருப்பதில் வியப்பில்லை. மாவியின் மலைப்பகுதிக் காடுகளில் டையோகென் என்ற சிறிய வகை. அதன் இரண்டாம் பெயர் ‘பௌ’; ஹவாய் மொழியில் தீர்ந்துபோனது என்று பொருள்.

இனி எலும்புகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். வீட்டில் கோழி வாங்கி வெட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: நெஞ்சுக்கறியை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, படகின் ஏரா மரம்போல நடுவில் மெல்லிய ஓர் எலும்பு நிமிர்ந்து நிற்கும். சிறகை அடிக்கும் தசைகள் பற்றிக்கொள்ளும் இடம் அது. ஓரளவே பறக்கும் கோழிக்கே அவ்வளவு பெரிய ஏரா இருக்கிறது. மோவா-நாலோவின் மார்பெலும்பில் அது இல்லை. எலும்பு தட்டையாகக் கிடக்கிறது. சிறகெலும்புகள் உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குக் குறுகிவிட்டன. மாறாக இடுப்பெலும்பு அகன்று, கால் எலும்புகள் தடித்து, ஒரு கனத்த உடலைச் சுமந்து நடப்பதற்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றன. கால் எலும்பின் தடிமனுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பு வாழும் பறவைகளில் அளந்து அறியப்பட்டது; அதைக்கொண்டு இவற்றின் எடை ஏறக்குறைய 4 முதல் 7.5 கிலோ வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சாதாரணக் காட்டு வாத்தின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பறக்க முடியாது என்பதில் இங்கே ஊகத்துக்கு இடமே இல்லை, அந்த மார்பெலும்பைக் கையில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் அது விளங்கிவிடும்.

அலகு இன்னும் வியப்பானது. வாத்தின் அலகைப் பிரித்துப் பார்த்தால் ஓரங்களில் சீப்புப்பற்கள்போன்ற மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். சேற்று நீரை உள்ளே எடுத்து, தண்ணீரை வெளியேற்றி, இரையை மட்டும் நிறுத்தும் வடிகட்டி அது. தம்பெட்டோகெனிலும் டையோகெனிலும் அந்த இடத்தில் தாடை எலும்பே முண்டு முண்டாகப் புடைத்து, பல் போல ஆகியிருக்கிறது. கவுவாயின் கெலிகெலினெகெனில் இதுவும் இல்லை. அதன் தாடை உயரமாகவும் கனமாகவும் குறுகி, எந்தப் பறவையையும்விட ஆமையின் வாயையே நினைவூட்டுகிறது. வடிகட்டுவதற்கு உதவாத, இலையைப் பற்றி வெட்டுவதற்கு உதவும் வாய்கள் இவை. குளத்தில் வாழ்ந்த ஒரு குலம் நிலத்துக்கு ஏறி ஆடுமாடுகளின் வேலையை எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது.

இப்போது உறவுக்கு வருவோம். கிராமத்தில் வாத்து வளர்ப்பவர்களுக்குத் தெரியும், உரக்கக் கத்துவது பெட்டை. ஆணின் குரல் அடைத்துக்கொண்டதுபோலக் கரகரக்கும். ஆண் வாத்தை அறுத்துச் சுத்தம் செய்யும்போது மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பக்கமாகப் புடைத்த சிறு எலும்புக் குமிழ் ஒன்று கையில் தட்டுப்படும். கூஸ்களுக்கும் அன்னங்களுக்கும் இது இல்லை. மோவா-நாலோ எலும்புகளோடு இந்தக் குமிழும் கிடைத்தது. பெரிய உடலையும் கூஸ் போன்ற தோற்றத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஓல்சனும் ஜேம்ஸும் இந்தச் சிறு குமிழை நம்பினார்கள். இது வாத்துவழி வந்ததாகவே இருக்க வேண்டும் என்றார்கள். தோற்றத்தை வாழ்க்கைமுறை மாற்றிவிடும், குரல்பெட்டியின் அமைப்பை அவ்வளவு எளிதில் மாற்றாது என்பது அவர்களின் தருக்கம். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் அவர்கள் சொன்னது சரியா என்று பார்க்க வேறொரு தனி வழி பிறகு கிடைத்தது. 1999-இல் மைக்கேல் சோரன்சனும் அவரோடு இருந்த குழுவினரும் எலும்புகளிலிருந்து மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் பிரித்து வாழும் இனங்களோடு ஒப்பிட்டார்கள். விடை ஐயத்துக்கு இடமில்லாமல் வந்தது: மோவா-நாலோ கூஸ் அல்ல, நீரில் தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கி மேயும் சாதாரண வாத்துகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு மிக நெருங்கிய உறவு மல்லார்டு என்ற காட்டு வாத்தும் அதன் உடன்பிறப்புகளும் அடங்கிய கிளை. நம் ஊர் ஏரிகளில் காணும் புள்ளிமூக்கு வாத்தும் அந்தக் கிளையில்தான் வருகிறது. பண்ணைகளில் வளர்க்கும் வாத்துகளில் பெரும்பாலானவை மல்லார்டின் வழிவந்தவை. ஆகவே மோவா-நாலோவுக்கு உறவுக்காரர் யார் என்று கேட்டால், அறுவடை முடிந்த வயலில் கூட்டமாக ஓட்டிச் செல்லப்படும் வாத்தைச் சுட்டிக்காட்டுவதில் தவறில்லை.

அதே ஆய்வு இந்தக் குலம் பிரிந்த காலத்தைச் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று மதிப்பிட்டது. மாவி அப்போது கடலுக்கு மேலே எழும்பியிருக்கவே இல்லை. ஹவாய்த் தீவுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தவை. கவுவாய் சுமார் 50 லட்சம் ஆண்டு மூத்தது, மாவியின் வயது அதில் பாதிகூட இல்லை. அப்படியானால் முதல் வாத்துகள் மூத்த தீவுகளில் ஒன்றில் இறங்கி, இளைய தீவுகள் உருவாக உருவாகப் பரவியிருக்க வேண்டும். கவுவாய்க்கும் ஓவாஹுவுக்கும் இடையே உள்ள கடல் மிக ஆழமானது. அவை ஒருபோதும் நிலத்தால் இணைந்ததில்லை. எனவே அந்தக் கடலைத் தாண்டிய மூதாதைக்குச் சிறகு இருந்திருக்கிறது, கவுவாயில் ஒரு முறையும் மற்றத் தீவுகளின் பக்கம் வேறொரு முறையும் அது தனித்தனியாகக் கழன்றிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். இது மரபணுவும் புவியியலும் சேர்ந்து சொல்லும் முடிவு, எலும்பு நேரடியாகச் சொன்னது அல்ல. நான் இதை வலுவான அனுமானம் என்ற தட்டில் வைப்பேன்.

சிறகு அவ்வளவு எளிதில் போய்விடுமா என்று சிலர் கேட்பதுண்டு. வாத்துக்குஞ்சு வளர்வதைக் கவனித்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. முட்டையிலிருந்து வந்த சில நாளிலேயே குஞ்சு ஓடுகிறது, நீந்துகிறது. கால் விறுவிறுவென்று வளர்கிறது. சிறகோ வாரக்கணக்கில் ஒரு சிறு முளையாகவே தொங்கிக்கொண்டிருந்து, கடைசியில்தான் நீள்கிறது. சிறகின் வளர்ச்சியை மட்டும் அந்தக் குஞ்சுப் பருவத்திலேயே நிறுத்திவிட்டு உடலைத் தொடர்ந்து வளரவிட்டால் பறக்காத வாத்து கிடைத்துவிடும். பறக்கும் தசையை வளர்ப்பதும் வைத்திருப்பதும் உடலுக்குப் பெருஞ்செலவு. தரையில் துரத்தும் விலங்கு இல்லாத தீவில் அந்தச் செலவு வீண். ஹவாயின் மண்ணுக்கே உரிய பாலூட்டிகள் வௌவாலும், கரைக்கு வந்து படுக்கும் ஒரு கடல்நாயும் மட்டும்தான். நரியோ கீரியோ பாம்போ அங்கே இல்லை. வானிலிருந்து ஆபத்து இருந்தது உண்மை. ஒரு பெரிய கழுகின் எலும்புகள் அதே தீவுகளில் கிடைத்திருக்கின்றன. ஆனால் கழுகிடமிருந்து தப்பப் பறப்பதைவிடப் புதருக்குள் நுழைவதே நல்லது.

உணவைப் பற்றிய சான்று, கேட்டவர் எதிர்பார்த்திராத இடத்திலிருந்து வருகிறது. தமிழில் எச்சம் என்ற சொல்லுக்கு மிஞ்சிக் கிடப்பது என்றும் பறவையின் கழிவு என்றும் இரண்டு பொருள் உண்டு. மோவா-நாலோ விஷயத்தில் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. மாவியின் வறண்ட குகைகளில் எலும்புகளோடு இந்தப் பறவைகளின் காய்ந்த எச்சமும் கெடாமல் கிடந்தது. ஹெலன் ஜேம்ஸும் டேவிட் பர்னியும் அதைப் பிரித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உள்ளே இருந்தவை பெரும்பாலும் இலைத் திசுக்கள், அவற்றோடு பெரணிகளின் வித்துத்தூள். விதை பொறுக்கவோ புழு தேடவோ இல்லை, இந்தப் பறவை இலையையே, அதிலும் பெரணியின் ஓலையையும், வயிறு நிறையத் தின்றிருக்கிறது. இலையில் சத்து குறைவு, நார் அதிகம். மாடு அதை முன்வயிற்றில் ஊறவைத்துப் புளிக்கவைக்கிறது. குதிரை பின்குடலில் அதைச் செய்கிறது. மோவா-நாலோவும் குதிரையைப்போலப் பின்குடலில்தான் நாரை நொதிக்கவைத்தது என்பது அந்த ஆய்வின் கருத்து. அகன்ற இடுப்பும் பெருத்த உடலும் எதற்கு என்று இப்போது புரியும்: நீண்ட குடலைச் சுமக்க இடம் வேண்டும், அவ்வளவு கனமான வயிற்றோடு வானத்தில் எழும்பவும் முடியாது. அலகைப் பார்த்துச் சொன்னதும் எச்சத்தைப் பார்த்துச் சொன்னதும் ஒத்துப்போகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே கதையைச் சொன்னால் அதை ஊகம் என்று தள்ளுவது நியாயமாகாது.

மூன்றாவது சாட்சி உயிரோடு நிற்கிறது. ஹவாய்க் காடுகளில் சயனியா என்ற செடிக் குலம் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுப்புகையிலை என்று சொல்லும் லொபீலியாவுக்கு உறவு, ஹவாய் மக்கள் அதை ஹாஹா என்கிறார்கள். இந்தக் குலத்தில் சில இனங்களின் இளஞ்செடிகளில் தண்டிலும் இலையிலும் முள் அடர்ந்திருக்கும். செடி ஆளுயரத்தை நோக்கி வளர்ந்ததும் புதிதாக வரும் தண்டிலும் இலையிலும் முள் குறைந்து மறைந்துபோகும். சிலவற்றில் இளமையில் இலை ஆழமாக வெட்டுப்பட்டுச் சீவலாக இருக்கும். வளர்ந்த பிறகு வரும் இலை முழுதாக இருக்கும். மேயும் பாலூட்டி ஒன்றுகூட இல்லாத தீவில், தரைக்கு அருகே மட்டும் முள் எதற்கு? தாமஸ் கிவ்னிஷும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1994-இல் கொடுத்த விளக்கம், இந்த முள் ஒரு வாத்தின் வாய்க்கு எதிராக வைக்கப்பட்ட வேலி என்பது. செடிகளின் மரபணுவை வைத்து வம்சாவளி வரைந்தபோது, முள் ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்தாக இல்லாமல், அந்தக் குலத்தில் பல முறை தனித்தனியாகத் தோன்றியிருப்பதும் தெரிந்தது. தேவை இருந்த இடத்தில் மறுபடி மறுபடி முளைத்திருக்கிறது.

இந்தச் சான்றை மட்டும் நான் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்வேன். முள்ளையும் பறவையையும் ஒரே காலத்தில் பார்த்தவர் யாரும் இல்லை. அதோடு ஹவாயின் ஆகாலா என்ற காட்டு ராஸ்பெர்ரி தன் முள்ளைப் பெரும்பாலும் இழந்துவிட்ட செடி. மேய்ச்சல் அவ்வளவு கடுமையாக இருந்திருந்தால் அது ஏன் முள்ளை விட்டது என்று கேட்பது முறையான கேள்வியே. என்றாலும் முள் எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்கும்போது, கழுத்தை நீட்டினால் எட்டும் உயரம் இவ்வளவுதான் என்று யாரோ அளந்து வைத்ததுபோலத்தான் இருக்கிறது.

அழிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீவு தீவாக உலகம் எங்கும் நடந்த கதைதான். பாலினேசியர்கள் ஹவாய்க்கு வந்தது 1000-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலம் என்பது இன்றைய கணிப்பு. அவர்களோடு பன்றி, நாய், கோழி ஆகியவையும் பசிபிக் எலியும் வந்தன. ஐந்து கிலோ கறியைச் சுமந்துகொண்டு, பறக்காமல், மனிதனைக் கண்டு அஞ்சவும் பழகாமல் தரையில் முட்டையிடும் பறவை எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்? வேட்டையை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. எவா சமவெளியின் சேற்றுப் படிவங்களில் உள்ள மகரந்தத்தை அடுக்கடுக்காக ஆராய்ந்தபோது, மனிதர்கள் அங்கே குடியேறி நெருப்பு வைப்பதற்கு முன்பே, லோலு என்ற பனை நிறைந்த தாழ்நிலக் காடு சரியத் தொடங்கிவிட்டது தெரிந்தது. விதைகளைத் தின்று தீர்த்த எலிகளே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சமவெளியில் மனிதனின் காலடி படும் முன்பே, அவன் தீவுக்குக் கொண்டுவந்த எலி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. காடு, முட்டை, தாய்ப்பறவை என்று மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் இழப்பு ஏற்பட்டதால் சில நூற்றாண்டுகளே போதுமானதாக இருந்தன.

ஆகவே எவ்வளவு உறுதி என்ற கேள்விக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு உறுதி கிடையாது என்பதே நேர்மையான விடை. பறக்காதது, இலை தின்றது, வாத்துக் குலம் என்பவை ஐயமற்றவை. சிறகு எத்தனை முறை கழன்றது, முள் யாருக்காக என்பவை நல்ல காரணங்கள் உள்ள அனுமானங்கள். நூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் காணும் ஓவியங்களில் உள்ள இறகின் நிறமோ முழுக்க ஓவியரின் கைவண்ணம். எலும்பு நிறத்தைச் சொல்லாது. பழுப்பு வண்ணம் பூசினாலும் பச்சைத்தலை வைத்தாலும் அதை அலங்காரமாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பறவையின் இடம் இன்றும் காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர் கவுவாயின் தென்கரையில் உள்ள மகாவுவாஹி குகைக்குப் போகலாம். கூரை இடிந்து வானம் தெரியும் சுண்ணாம்புப் பாறைக் குகை அது. 1992 முதல் டேவிட் பர்னியும் அவருடைய மனைவி லைடா பிகாட் பர்னியும் அங்கே அடுக்கடுக்காகத் தோண்டி, ஆமைத்தாடை மோவா-நாலோவின் எலும்புகள் உட்பட, பத்தாயிரம் ஆண்டு அளவிலான படிவுகளை வெளிக்கொணர்ந்தார்கள். பிற்பாடு குகையைச் சுற்றி உள்ள நிலத்தில், படிவுகளில் கண்ட பழைய செடிகளையே மீண்டும் நட்டார்கள். வெளியூர்க் களைகளை மேய்ந்து கட்டுப்படுத்த ஆள் வேண்டுமே. அதற்கு அவர்கள் கொண்டுவந்து விட்டது ஆப்பிரிக்காவின் ஸல்காட்டா ஆமைகளை. கொம்புபோன்ற கடினமான வாயோடு, தரையோடு தரையாக நகர்ந்து, பல்லில்லாமல் இலையை வெட்டித் தின்னும் அந்த ஆமைகள், ஆமையின் வாயைப் பெற்றிருந்த ஒரு வாத்தின் வேலையை இப்போது அங்கே செய்துகொண்டிருக்கின்றன.